அளவெடுக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு

சித்தேரி மலையிலும் அதன் சிற்றூர்களிலும் பழைய ஜீப் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அவற்றை ஓட்டிப் பிழைக்கும் ஓட்டுநர்களுக்கும், அரூர் வட்டாரப் பட்டறைகளில் அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும்,

உங்கள் வண்டியின் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஊளையிடத் தொடங்கியதும் இரண்டு விதமான விலை உங்கள் முன் வருகிறது. ஒரு பட்டறை, சத்தம் தரும் பேரிங்கை மட்டும் மாற்றி, கிரௌன் என்ற பெரிய பற்சக்கரத்தையும் அதைச் சுழற்றும் சிறிய பினியனையும் இருந்தபடியே பூட்டி, ஆயில் ஊற்றி மாலைக்குள் வண்டியைக் கொடுத்துவிடும். இன்னொரு பட்டறை முழுவதும் கழற்ற வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறது. கேட்கும் தொகையோ இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலோர் முதல் விலைக்கே தலையசைக்கிறார்கள். கையில் காசு குறைவு, வண்டி நின்றால் அன்றாட வருமானம் நிற்கும், வண்டியும் பழசு. காரணங்கள் நியாயமானவை என்றாலும் முடிவு தவறானது என்று சொல்லவே இந்த மடல். டிஃபரன்ஷியல் வேலையில் கூடுதலாகக் கேட்கப்படும் பணத்தின் பெரும்பகுதி அளவெடுப்பதற்கான நேரத்துக்கு உரியது. அந்த நேரத்தை வெட்டிவிட்டால், உதிரிபாகத்துக்குக் கொடுத்த பணமும் சேர்ந்தே வீணாகிறது.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் உரியதல்ல. உலகம் முழுவதும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பாதுகாப்பவர்கள் இதே கணக்கோடுதான் போராடுகிறார்கள். அவர்களின் காருக்கும் உங்கள் ஜீப்புக்கும் நெருங்கிய உறவு ஒன்றும் உண்டு. 1961-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, இன்று கோடிகளில் விலை பேசப்படும் ஜாகுவார் இ-டைப்பின் பின்பக்க டிஃபரன்ஷியல், பிரிட்டனின் சாலிஸ்பரி நிறுவனம் செய்தது. அதன் வடிவமைப்பு அமெரிக்காவின் டானா 44 அச்சின் வழி வந்தது. வில்லிஸின் சி.ஜே.3பி ஜீப்பின் பின் அச்சும் அதே டானா 44 குடும்பம்தான். 1940களின் இறுதியில் மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு பல பத்தாண்டுகள் சி.ஜே.3பி மாடலை இந்த நாட்டிலேயே செய்தது. அந்த ஜீப்பின் கிரௌனில் 43 பற்கள், பினியனில் 8, அதாவது 5.38 விகிதம். இ-டைப்பின் 3.31 விகித டிஃபரன்ஷியலின் கிரௌனிலும் 43 பற்கள்தான். பினியனில் மட்டும் 13. ஏலக்கூடத்தில் விளக்கொளியில் நிற்கும் காருக்கும் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றும் வண்டிக்கும் அடியில் இருப்பது ஒரே பரம்பரை இயந்திரம். அதைத் திறந்து மறுபடி சரியாகப் பூட்டும் முறையும் ஒன்றே.

காரின் சக்தி எங்கே, ஜீப்பின் சக்தி எங்கே, அவ்வளவு நுணுக்கம் ஜீப்புக்கு எதற்கு என்று கேட்கலாம். எண்களைப் பார்ப்போம். இ-டைப்பின் 3.8 லிட்டர் இன்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ 353 நியூட்டன் மீட்டர். அதன் முதல் கியர் விகிதம் 3.37. பெருக்கினால் பினியனுக்கு வருவது 1,190. சி.ஜே.3பி-யின் பெட்ரோல் இன்ஜின் தருவது 155 மட்டுமே. ஆனால் முதல் கியரில் அது 2.8 மடங்காகிறது, டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால் இன்னும் 2.46 மடங்கு. பெருக்கினால் 1,070-ஐ ஒட்டி வருகிறது. லோவில் முன் அச்சும் சேர்ந்து இழுக்கும் என்பதால் பாரம் முழுவதும் பின்னால் விழாது என்பது உண்மை. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில், பின்னால் மூட்டைகளும் ஆட்களும் இருக்கும்போது, முன் சக்கரங்கள் பிடிமானம் இழந்து லேசாகின்றன; பளுவின் பெரும்பங்கு பின் அச்சுக்கே திரும்புகிறது. இ-டைப்பில் அந்த விசையை 13 பல் கொண்ட தடித்த பினியன் தாங்குகிறது. ஜீப்பில் 8 பல் கொண்ட மெலிந்த பினியன். காட்சிக்கு நிற்கும் கார் முதல் கியரில் முழு விசையோடு ஓடும் நேரம் வருடத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கலாம். மலையேறும் ஜீப்புக்கு அது அன்றாட வேலை. ஆக, நுணுக்கம் தேவைப்படும் வண்டி எது என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன. சி.ஜே.3பி-க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் விகிதங்கள் மாறலாம். பாரம் ஏறும் திசை மாறுவதில்லை.

இனி, அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். கிரௌனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசித் தேய்க்கப்பட்ட ஜோடி. இரண்டின் மேலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதற்கான திருத்தமும் பல பினியன்களின் முகத்தில் பிளஸ், மைனஸ் குறியோடு எழுதியிருக்கும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. அதைப் படித்து, அதற்கேற்ற தடிமனில் ஷிம் தகடு வைத்து, பேரிங்கை அழுத்திப் பூட்டி, பற்களில் வண்ணம் தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். வண்ணம் பல்லின் நடுவில் பதிந்தால் நல்லது. நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கினால் பினியனை மறுபடி வெளியே எடுத்து, பேரிங்கைக் கழற்றி, ஷிம்மை மாற்றி, மீண்டும் பூட்ட வேண்டும். கைதேர்ந்த மெக்கானிக்குக்கே இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். அடுத்தது பல்லிடைவெளி. டயல் கேஜ் வைத்து, கிரௌனைச் சுற்றிப் பல இடங்களில் அளக்க வேண்டும். இந்த வகை அச்சில் ஏறத்தாழ 0.10 முதல் 0.23 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் கணக்கு அது. பிறகு பினியன் பேரிங்கின் முன்னழுத்தம்: எவ்வளவு விசையில் பினியன் சுழலத் தொடங்குகிறது என்பதை அதற்குரிய டார்க் ரெஞ்ச் கொண்டு அளப்பது. டிஃபரன்ஷியல் கூண்டை ஹவுசிங்கில் இறக்குவதற்கும் ஒரு கருவி இருக்கிறது. ஹவுசிங்கை அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அகட்டிப் பிடிக்கும் கருவி அது. அது இல்லாத இடத்தில் கடப்பாரையும் சுத்தியலும் அந்த வேலையைச் செய்கின்றன. பேரிங் ஓடுவதற்கு முன்பே அடிபட்டுவிடுகிறது.

இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியும் பொருளாக உங்கள் கைக்கு வருவதில்லை. புதுப் பேரிங்கின் காலிப் பெட்டியைக் காட்டலாம். முன்னழுத்தத்தைக் காட்ட முடியாது. அதனால்தான் இந்தக் கூலி அதிகமாகத் தோன்றுகிறது. ஆனால் மேல்தரமான கிரௌன் பினியன் ஜோடியும் தவறான ஆழத்தில் உட்கார்ந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பற்களின் மேல்தோல் பொரிந்து உதிரத் தொடங்கும். உதிர்ந்த இரும்புத்தூள் ஆயிலோடு சேர்ந்து புதுப் பேரிங்குகளையும் தின்றுவிடும். முதல் பட்டறையில் மிச்சம் பிடித்த கூலி, இப்படி உதிரிபாகத்தின் விலையாகத் திரும்பி வருகிறது.

சித்தேரிப் பாதை இந்த வேலையிடம் சமவெளி கேட்காத சிலவற்றையும் கேட்கிறது. இதை மெக்கானிக் நண்பர்கள் தனியாகக் கவனிக்க வேண்டுகிறேன். சமவெளியில் ஓடும் வண்டியில் பல்லின் ஒரு பக்கம்தான் பெரும்பாலும் பாரம் தாங்கும், இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும் பக்கம். மலையிறக்கத்தில் கியரில் வைத்து வண்டியைப் பிடித்துக்கொண்டே வருகிறீர்கள். அப்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது, பாரம் பல்லின் மறுபக்கத்துக்கு மாறுகிறது. ஏறிய தூரமெல்லாம் இறங்கவும் வேண்டிய ஊரில் இரண்டு பக்கமும் உழைக்கின்றன. தள்ளும் பக்கத்தில் மட்டும் வண்ணம் சரியாகப் பதிகிறதா என்று பார்த்துத் திருப்தி அடைவது அரூர் கடைவீதிக்குப் போதும், மலைக்குப் போதாது. ஆயிலின் கதையும் அப்படியே. நீண்ட ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்கும். ஹவுசிங்கில் ஆயில் பின்னோக்கி வழியும். முன்பக்கம் உள்ள பினியன் பேரிங் மேட்டில் நிற்கும். கிரௌன் சுழன்று வாரி இறைக்கும் ஆயில்தான் அதற்குத் தண்ணீர் போல. வண்டி மெதுவாக ஏறும்போது இறைப்பும் குறையும். அளவு கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் முதலில் வறள்வது அந்தப் பேரிங்தான். கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை ஹவுசிங்கில் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். கிரௌனும் பினியனும் சுழல்வதோடு நில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்யும் ஹைப்பாய்டு பற்கள், அவற்றுக்கு ஜி.எல்.5 தர ஆயில் வேண்டும். அதே ஆயிலைப் பழைய கியர் பாக்ஸில் ஊற்றினால் அங்கிருக்கும் பித்தளை வளையங்களுக்குக் கேடு வரலாம். இரண்டுக்கும் இரண்டு டப்பா வாங்குங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று நடக்கிறது. சூடேறிய ஹவுசிங்கோடு ஓடையில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. மேலே இருக்கும் சிறு காற்றுத்துளை மண் அடைத்துக் கிடந்தால், சீல் வழியாக ஓடைத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். ஆயில் பால்நிறமாகும், பேரிங்கில் துரு ஏறும். அந்தத் துளையைச் சுத்தம் செய்ய ஒரு காசும் ஆகாது. ஆனாலும் மலிவு வேலையில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இவையெல்லாம் பணநட்டம். உயிர்நட்டத்துக்கு இடம் தரும் ஒன்றும் இருக்கிறது. இந்த ஜீப்புகளின் பின் ஆக்சில், வண்டியின் எடையையும் தாங்கிக்கொண்டு சக்கரத்தையும் சுழற்றும் வகை. லாரிகளில் எடையை ஹவுசிங் தாங்குகிறது. ஆக்சில் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். உங்கள் ஜீப்பில் ஆக்சில் முறிந்தால், அல்லது அதன் பேரிங் உடைந்தால், சக்கரமே வெளியே வரக்கூடும். கொண்டை ஊசி வளைவில் அது என்னவாகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆயில் சீல் கசிவும் சாதாரண விஷயமல்ல. கசியும் ஆயில் பின்சக்கர பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைக்கும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கும் பிரேக்கோடு இறங்குவதை, ஹவுசிங் கொஞ்சம் ஒழுகுது என்ற ஒரே வரியில் கடந்துவிடக் கூடாது. முழு வேலை செய்யும் பட்டறை ஆக்சிலை உருவி, அதன் சாவித்தடத்தில் விரிசல் இருக்கிறதா, சீல் உட்காரும் இடம் பள்ளமாகிவிட்டதா என்று பார்க்கும். அரைநாள் வேலையில் அதற்கு நேரம் கிடையாது.

உங்கள் தரப்பிலிருந்து வரும் முதல் மறுப்பு, வண்டியின் விலையைவிட இந்த வேலை பெரிதாக இருக்கிறதே என்பது. விற்கப் போகும் வண்டிக்கு அது சரியான கேள்வி. ஓட்டப் போகும் வண்டிக்கு விற்பனை விலை ஓர் அளவுகோலே இல்லை. அது நிற்கும் நாட்களின் விலைதான் அளவுகோல். எண் உதாரணத்துக்குத்தான்: மலிவு வேலைக்கு ஒரு பங்கு, முழு வேலைக்கு இரண்டரைப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். மலிவு வேலை ஒரு வருடம் தாங்கி, முழு வேலை ஐந்து வருடம் தாங்கினால், ஐந்து வருடத்தில் மலிவுக்கு ஐந்து பங்கும் முழுமைக்கு இரண்டரைப் பங்கும் ஆகிறது. வண்டி ஐந்து முறை நிற்பது, மலையில் நின்றதை இழுத்துக்கொண்டு வருவது, பாதியில் இறக்கிய சரக்கை வேறு வண்டியில் ஏற்றுவது எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. முழு வேலை மூன்று வருடம் மட்டுமே தாங்கினாலும் அதுவே லாபம். ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை மறைக்கிறது. இரண்டரைப் பங்கை இன்று மொத்தமாகக் கொடுக்க வேண்டும், மற்றதை வருடாவருடம் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். ஏழைக்கு மலிவு ஏன் கட்டாயமாகிறது என்பதன் விடை இதுதான். அது கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகவேதான் இந்த மடலைத் தனித்தனி உரிமையாளருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்; சேர்ந்து என்ன செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு, பழைய இரும்புக் கடையில் முழு அச்சாகவே கிடைக்கிறதே, அதைத் தூக்கி மாட்டினால் என்ன என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. தொழிற்சாலையில் பூட்டியபடியே, யாரும் திறக்காமல், பற்கள் சீராகத் தேய்ந்த அச்சு கிடைத்தால், அவசரமாகப் பூட்டிய புது ஜோடியைவிட அதுவே மேல் என்பேன். ஆனால் மூடியைத் திறந்து, பல் எண்ணி, இடைவெளி அளந்து, ஸ்டார் கியர் ஓடும் குறுக்கு ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றி நின்ற வண்டியில் அந்த ஊசிதான் முதலில் கெடும். விகிதம் மாறிய அச்சு இன்னும் ஆபத்து. முன் அச்சு 5.38 ஆக இருக்க, பின்னால் வேறு விகிதம் வந்து உட்கார்ந்தால், நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இடையில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும்.

மெக்கானிக் நண்பர்களிடமிருந்து வரும் மறுப்புக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங், எந்தப் பல் என்று சொல்லும் செவி உங்களுக்கு உண்டு. நோயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி குறைவு. ஆனால் செவி, கெட்ட பிறகுதான் கேட்கும். முன்னழுத்தம் கூடிப்போன பினியன் பூட்டிய அன்று அமைதியாக ஓடும். சூடேறி நிறம் மாறிய பிறகே குரல் கொடுக்கும். குறைந்துபோன முன்னழுத்தமும் காலி வண்டியில் தெரியாது, பாரம் ஏற்றி மலையேறும்போதுதான் பினியன் பின்வாங்கும். டயல் கேஜ் வைத்து அளப்பதால் உங்கள் கைத்திறனுக்கு இழுக்கு இல்லை. உங்கள் கூலியை எழுத்தில் நியாயப்படுத்த அதுவே துணை. இன்று நீங்கள் மூன்று முறை பினியனைக் கழற்றி மாட்டினால் அதற்குக் கூலி கேட்க முடியவில்லை, வாடிக்கையாளர் நம்புவதில்லை. அதனால் நீங்களும் ஒரே முறையில் முடித்துவிடுகிறீர்கள்.

உதிரிபாக விலை பற்றி ஓர் ஆறுதலான செய்தி. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டு காரை இன்னும் பாதுகாப்பவர்கள், டிஃபரன்ஷியல் பாகங்களுக்குப் பிரிட்டனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெரால்டின் சட்டகத்திலிருந்து பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்காக அங்கே நடக்கும் வணிகத்தை நம்பி, பவுண்டு விலையில், சுங்கமும் சேர்த்து வாங்குகிறார்கள். உங்கள் ஜீப்புக்கு அந்தச் சுமை இல்லை. பாகங்கள் இந்நாட்டிலேயே செய்யப்படுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றும் ஆகிவிட்டது. ஆனால் சட்டம் பழைய வண்டிகளைச் சமமாகப் பார்ப்பதில்லை. 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் எனப் பதிந்து பாதுகாக்க 2021-ல் தனி விதி வந்தது, அந்த வண்டிகளை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. 15 ஆண்டு கடந்து உழைக்கும் சாதாரண வண்டிக்கோ பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியது. அலங்காரத்துக்கு நிற்கும் முதுமைக்கு மதிப்பும் உழைக்கும் முதுமைக்குத் தண்டமும் என்பது எனக்கு ஏற்புடையதல்ல. அது மாறும்வரை, வண்டியைச் சாலையில் வைத்திருக்கும் செலவை நீங்கள்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

என் யோசனை இது. டயல் கேஜ், பினியனுக்கான டார்க் ரெஞ்ச், ஹவுசிங் அகட்டி, பேரிங் புல்லர், ஒரு பெட்டி ஷிம் ஆகியவற்றை உரிமையாளர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்குங்கள். தனி ஒருவருக்குப் பாரமான செலவு, பத்துப் பதினைந்து வண்டிக்காரர்கள் பகிர்ந்தால் தாங்கக்கூடியதே. அரூரிலோ அடிவாரத்திலோ நீங்கள் நம்பும் ஒரு பட்டறையில் அவற்றை வையுங்கள். அதற்கு ஈடாக, அங்கே வேலை செய்பவர் உங்கள் வண்டிகளுக்கு முழு வேலையை முன்பே பேசிய கூலிக்குச் செய்து தரட்டும். மாதச் சீட்டு நடத்தத் தெரிந்தவர்களுக்கு, முறை வைத்து வருடத்துக்கு இரண்டு மூன்று ஹவுசிங்குகளைத் திறப்பதற்கான நிதி சேர்ப்பது புதிதல்ல. ஒருவரின் வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் அவருடைய சவாரியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டு ஒரு பங்கை அவருக்குக் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தால், அவசரமே மலிவு வேலையைத் தேடி விரட்டும் நிலை குறையும்.

வேலை முடிந்ததும் ரசீதில் தொகை மட்டும் போதாது. பல்லிடைவெளி எவ்வளவு, பினியன் முன்னழுத்தம் எவ்வளவு, எந்தத் தடிமனில் ஷிம் வைத்தது, கிரௌனிலும் பினியனிலும் உள்ள எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். வண்ணம் பதிந்த பல்லின் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எந்தப் பட்டறை திறந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எல்லா வண்டிகளின் ஹவுசிங் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பால்நிறமோ விரலில் மினுக்கும் இரும்புத்தூளோ தெரியும் வண்டிகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள், பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் இரவில் அரூர் அரசு மருத்துவமனைக்கு இறங்கும் வண்டி எதுவோ அதை முதல் முறைக்கு வையுங்கள். அதன் உரிமையாளர் தன் பங்குப் பணத்தை இன்னும் கட்டி முடிக்காதவராக இருந்தாலும்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்